தேயிலைப் பெட்டியிலிருந்து ஜன்னலுக்கு

மேல் டிவிசன், பலாங்கொடை
சனிக்கிழமை

அன்பு மகள் கிருஷ்ணகுமாரிக்கு,

நாங்கள் இங்கே சுகம். ஜோர்தானில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. நேற்று சாயங்காலம் அம்மா வாயாலேயே கேட்டேன், பக்கத்துக் காம்பரா வீட்டுச் சசியும் கூட இருந்தாள். நீ வீடியோவில் வந்தால் அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள், அவள் பேச்சை மீறி வெளிநாடு போனதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது என்று நீ சசியிடம் அழுதாயாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. இதைப் போனில் சொன்னால் அம்மா என் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைச் சசி படம் பிடித்து அனுப்புவாள்.

நீ அனுப்பிய ரவுட்டரை அம்மா எங்கே வைத்தாள் தெரியுமா? வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமிக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இடுவாள் அல்லவா, அப்படி வைத்ததுதான், பிறகு எடுக்கவே இல்லை. நம் சாமித்தட்டு பழைய தேயிலைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கிறது என்று நாம்தான் அதைக் கிழிக்காமல் விட்டோம். அந்தப் பெட்டியின் முதுகு டவர் இருக்கும் மலைப் பக்கம். முன்னால் பித்தளைக் குத்துவிளக்கு வேறு. படம் கட்டம் கட்டமாய் உடைந்ததற்கு மழையையும் கம்பெனியையும் திட்டிக்கொண்டிருந்தோம். புதன்கிழமை கம்பெனிப் பையன் வந்து பார்த்துவிட்டு, "அம்மே, எதன ஹரி நே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். அந்த இடம் சரியில்லை, தகரமும் ஈயமும் சிக்னலை மறிக்கும், மலை தெரிகிற ஜன்னலில் உயரமாக வைக்க வேண்டும் என்றான். அம்மா தொடவிடவில்லை. சாமிகிட்ட வச்சத வெள்ளிக்கிழமை வெளக்கு ஏத்தாம எடுக்கக் கூடாது என்றாள். சசிதான், "ஏங்க்கா, மாரியாத்தாளுக்கு நெட்டு எதுக்கு? அவ எல்லாத்தையும் நேராவே பாத்துக்குவா. குமாரிக்குத்தான் வேணும்" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேற்று விளக்கு ஏற்றிய பிறகு அம்மாவே இரண்டு கையாலும் இறக்கிக் கொடுத்தாள். அடுப்படிச் சுவரில் வைத்துப் பார்த்தேன், புகைக்கூண்டுத் தகரம் மறித்தது. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நன்றாக எடுத்தது, ஆனால் சாரல் அடிக்கும். கடைசியில் முன் ஜன்னலுக்கு மேலே பலகை அடித்து வைத்தேன். சசி தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். முகம் உடையாமல் வந்தது. அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், கிண்டலுக்குக் கிண்டலும் பேசினாள். அப்போது தூறல் விழ, சசி சேலைத் தலைப்பால் தலையையும் வாயையும் மூடிக்கொண்டு ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்டது. அம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சசி மறுபடி கேட்டாள். அம்மா போனை என்னிடம் நீட்டினாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சசி திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், காது எவ்வளவு நாளாக இப்படி என்று. "தேயில பெக்டரில சல்லட மெஷினுகிட்ட நின்னவளுக்குக் காது எதுக்கு? அங்க நாங்க எல்லாம் வாயப் பாத்துதானே பேசுவோம்" என்றாள் அம்மா. பக்கத்தில் இருக்கிற எங்களிடம் அப்படியே சமாளித்துவந்திருக்கிறாள். உன் முகம் உடைந்தால் உதடு தெரியாது. என்ன, என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்க வெட்கம். கோவமா இருக்கேன்னு நெனச்சாலும் பரவால்ல, தெரிஞ்சா வேலய விட்டுட்டு வந்துருவா, சொல்லாதீங்க என்றாள். நான் சொல்லுகிறேன். நீயும் தெரியாத மாதிரியே இரு, அவளாகச் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் செய். படியில் நடந்துகொண்டு பேசாதே. ஹாஸ்டலில் ரவுட்டர் எந்த மாடியில் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் உட்கார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதே, முகம் இருட்டாகிவிடும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். வேலைக்குப் போடுகிற மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பேசு. உன் தம்பி பிரதீபன் கொழும்பிலிருந்து பொங்கலுக்கு வருவான், அவனுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். இங்கே மழை விடவில்லை, கீழ் ரோட்டில் மண் சரிந்து பஸ் பாதி வழிதான் வருகிறது, அதைத் தவிரக் குறை இல்லை.

மாரியம்மன் உன் கூடவே நிற்பாள். வேளைக்குச் சாப்பிடு. இன்று காலை போன் பண்ணிக் கேட்டேன், அம்மாவின் காதைப் பரிசோதிக்க இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் முதல் செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள், மெஷின் வைத்தால் கேட்குமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு முன்னால், நாளை சாயங்காலம் நீ கூப்பிடும்போது அம்மா போனை என்னிடம் நீட்டுகிறாளா என்று பார்க்க வேண்டும். ரவுட்டர் பலகைக்குக் கீழே அவளே முக்காலியை இழுத்துப் போட்டிருக்கிறாள்.

உன் அப்பா,
நாகலிங்கம்