நான்தான் உரக்கச் சிரித்தேன்

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். வார விடுமுறையில் துணி துவைக்கிறேன் என்று உன்னிடம் சொல்வேனே, பாதி நாள் வீடியோ கேம்தான் விளையாடுகிறேன். கோடிகளைக் கொட்டிச் செய்த பெரிய கேம். வருஷா வருஷம் அதே துப்பாக்கி, அதே கதை என்று எல்லாரும் திட்டுவார்கள். எனக்கோ அதில் குதிரையேறி மலைமேல் போனால் நேரம் போவதே தெரியாது.

போன வாரம் சாப்பாட்டு அறையில் அந்த கேமைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்களோடு லிஃப்ட் மாட்டும் எலக்ட்ரீஷியன் அண்ணன், ஐம்பது வயதுக்காரர், "எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்ப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "மூளை இருக்கறவன் அதை ஆடுவானாண்ணே?" என்று கேட்டு, நான்தான் உரக்கச் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவர் தனியாகச் சாப்பிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நானும் ஆடறேண்ணே. மன்னிச்சிடுங்க."

"தெரியும்ப்பா. பக்கத்து அறைதானே, குதிரைச் சத்தம் கேட்கும். நீயாவது ஒத்துப் பேசுவேன்னு நெனச்சுத்தான் அன்னிக்கு வாயைத் திறந்தேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு" என்றார்.

வேறொன்றுமில்லை, நீ கவலைப்படாதே. அடுத்த பார்சலில் தலையணை உறை ஒன்று வை. புதிது வேண்டாம், உன்னுடையது போதும். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்