ஒரு கைப்பிடி நீல மருந்து

அக்கா,

இன்று காலை கொல்லைப்பக்கம் வெல்லமும் புளித்த கஞ்சியும் கலந்த அந்த வாடை வந்தது. நீ போன பிறகு இது முதல் சம்பா. அப்பா வாளியில் உன் சூடோமோனாஸ் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

முதல்முறை நீ கரைத்தபோது எட்டிப் பார்த்தேன்.

“பாக்டீரியாடா. குலை நோய்ப் பூஞ்சாணத்த வளர விடாது” என்றாய்.

“பாக்க டீயா? மோரு மாதிரில்ல இருக்கு!”

கலக்குகிற குச்சியோடு வரப்பு வரை துரத்தினாய்.

விவசாயம் படித்துவிட்டு வந்து, வரிச்சிக்குடி வயலில் கீழண்டைத் துண்டை மட்டும் கெஞ்சி வாங்கினாய். “இது பலிச்சா மேல படி. இல்லாட்டி நான் காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டு” என்றார் அப்பா. நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். அத்தனை நம்பிக்கை உனக்கு, கண்ணுக்கே தெரியாத ஒன்றின் மேல்.

கதிர் வந்ததும் அதன் கழுத்து கறுத்து ஒடிந்தது. எல்லாம் பதர். அறுப்பு ஆட்கள் முன்னால் பெரியப்பா, “கிருமி டாக்டரம்மா, நெல்லு எங்கம்மா?” என்று கேட்க, அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நீ பாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாய். “எங்கடா தப்புப் பண்ணேன்?” காய்ச்சலில் படுத்த பிறகும் அதையேதான் கேட்டாய். ரத்தத்தில் கிருமி என்றார் டாக்டர். துக்கத்துக்கு வந்தவர்கள், “கிருமியோட வெளையாண்டா, கிருமியே கொண்டுட்டுப் போயிடுச்சு” என்றார்கள்.

இன்று அலமாரியில் பூஞ்சாணத்துக்கான நீல மருந்துப் பொட்டலத்தைப் பார்த்து, “இதையும் கலக்கலயாப்பா?” என்றேன், சும்மா கிண்டலுக்கு.

“கலந்தா அந்தக் கிருமி செத்துடுமாம். பக்கத்து வயக்காரரு சொல்றாரு, அவருக்கு இதே பவுடர்ல நல்லா வந்திருக்கு. போன சம்பாவுக்கு ஒங்கக்கா கரைச்சு வச்சதுல ஒரு கைப்பிடி போட்டேன், பயத்துல. அதான் கெட்டுச்சு.”

பூஞ்சாணத்தைக் கொல்ல அந்தக் கைப்பிடி போதவில்லை. உன் பாக்டீரியாவைக் கொல்லப் போதுமாக இருந்திருக்கிறது.

“அக்கா தெனம் கேட்டாளேப்பா?”

“சொன்னா எந்தலைல ஏறி உக்காந்திருப்பா” என்று ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு போனார்.

நீயாக இருந்தால் அழுது, அதோடு விட்டிருப்பாய். உன் குணம் எனக்கு வரவில்லை. உனக்காகக் கொஞ்சம் கோபத்தை மட்டும் வைத்திருக்கிறேன், அது தீருகிற மாதிரி தெரியவில்லை.

மதியம் பெரியப்பாவும் சாப்பிட வந்தார். அம்மா சோறு போடும்போது எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல்.

“அந்தப் புள்ளையையா அப்புடிக் கேலி பண்ணேன்?” என்றார் பெரியப்பா, இலையைப் பார்த்து.

அம்மா அப்பாவைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள். அவர் கொஞ்ச நேரம் வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு நல்ல பசி அக்கா. இரண்டு தடவை சோறு வாங்கினேன்.