உட்கார்ந்து சாப்பிட்ட சனிக்கிழமைகள்

4 ஜூன் 1983, சனி

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற புரோட்டாக் கடையில் இன்று உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலுத்தாய், சீனித்தாய், நான். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு கடை என்று ஏப்ரலில் ஆரம்பித்தது. இது மூன்றாவது.

யோசனை வேலுவுடையது. ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்து வந்து, ஆறிப்போன பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டாள்: "நாலு வருசமா இந்த ஊர்ல குப்ப கொட்டுதோம். ஒரு கடையில உக்காந்து சூடா ஒரு புரோட்டா தின்னிருக்கோமாட்டி?"

இல்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர் முழுக்கப் பேசுவதற்கு லைன் கொடுக்கிறேன். சீனி மில் ஆபீசில் டைப் அடிக்கிறாள். வேலு ஊருக்கே ஊசி போடுகிறாள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, எங்கள் சம்பாத்தியத்தில் இருக்கிறோம். ஆனால் கடைச் சாப்பாடு என்றால் வாசலில் ஓரமாக நிற்க வேண்டும், தலையைக் குனிந்து பார்சல் வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். யாராவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இன்று மாஸ்டர் புரோட்டாவை அடுக்கி வைத்து இரண்டு கையாலும் அடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேலே மொறுமொறு, உள்ளே நூல் நூலாக. இத்தனை வருடமாக நாங்கள் தின்றது புரோட்டாவே இல்லை. எதிர் பெஞ்சுக்காரர்கள் தங்கள் இலையை விட்டுவிட்டு எங்கள் இலையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

5 ஜூன், ஞாயிறு

மாதா கோயிலில் பூசைக்குப் போனேன். பின்னால் இரண்டு பேர் குசுகுசு. புரோட்டா தின்றதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்ன?

2 ஜூலை, சனி

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால் ஆத்திரம் அடங்குமா பார்க்கிறேன்.

இன்று மூன்லைட் ஓட்டல். மதுவிலக்கை எடுத்து மறுபடி சாராயக் கடை திறந்த பிறகு வந்த ஓட்டல் அது. கீழே சாப்பாட்டு ஹால், மாடியில் பார். ஹாலின் கோடியில் பச்சைத் திரை தொங்கும் ஒரு அறை, 'பேமிலி ரூம்' என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. ஆனி மாதத்திலேயே ஆடிக்காற்று அடிக்கிறது. கண், காது எல்லாம் கரிசல் புழுதியோடுதான் உள்ளே போனோம்.

சர்வர் ஓடி வந்து, "பேமிலி ரூமுக்குப் போயிருங்கக்கா" என்றான். வேலு திரையை விலக்கினாள். உள்ளே நாலு ஆம்பிளைகள், மேசையில் பாட்டில். மாடியில் இடமில்லையாம்.

"பேமிலி ரூமுன்னு எழுதியிருக்கே?" என்றாள் வேலு.

"வாங்க, பேமிலி ஆயிருவோம்" என்றான் ஒருவன்.

திரும்பி வந்து ஹாலில் நடு மேசையில் உட்கார்ந்தோம். கல்லாவிலிருந்து முதலாளி கோபாலசாமி எழுந்து வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, குரலில் தேன்.

"ஏம்மா, இங்கன ஆம்பளையாளுக சாப்புடுதாங்க."

"உள்ளயும் ஆம்பளையாளுகதான இருக்காங்க அண்ணாச்சி" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க. அவிய எந்திரிச்சதும் ரூமைத் தாரேன்."

"எங்களுக்கு இப்பத்தான் பசிக்குது."

"அப்ப பார்சல் கட்டச் சொல்லுதேன்."

"உக்காந்து சாப்புடத்தான் வந்திருக்கோம்."

அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். அரைமணி நேரம் இலை வரவில்லை. பிறகு வந்தது. புரோட்டாவும் சுக்காவும் வைத்த கையோடு சர்வர் மூன்று கலர் சோடா பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தான். "மாடியில இருக்கவங்க குடுக்கச் சொன்னாங்க." மாடிப்படியில் சிரிப்பு. கூட்டமான சிரிப்பு. "மேலயே வாங்கன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

சீனி அழ ஆரம்பித்துவிட்டாள். வேலு மூன்று பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்தாள். "மாடியில யாருக்கோ உடம்பு சரியில்ல போல அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க, நானே ஊசி போடுதேன்."

கடைசித் துண்டு வரை சாப்பிட்டுத்தான் எழுந்தோம். ருசி மட்டும் தெரியவில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

5 ஜூலை, செவ்வாய்

எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் கேட்கிறார்: "பார்ல உக்காந்து பீர் குடிச்சீங்களாமே, நெசமா?" மூன்று நாளில் கலர் பீராகிவிட்டது. ஹால் மாடியாகிவிட்டது. "யார் சார் சொன்னது?" என்றேன். "ஊரே சொல்லுது" என்றார்.

ஊர். போர்டில் விளக்கு எரியும்போதெல்லாம் பிளக்கைச் செருகிச் செருகி அதன் வாயைத் திறந்துவிடுகிறவள் நான். ஒரு நாள் எல்லா லைனையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன?

போகமாட்டேன். எட்டு மணி நேர டூட்டி. ஆனால் இன்று முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

10 ஜூலை, ஞாயிறு

அண்ணன் வந்தார். இன்னாசிராஜ். பருத்தி வியாபாரம் என்று தினமும் எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து போகிறவர். மாதக்கணக்கில் இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இன்று செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"வேலையை எழுதிக் குடுத்துட்டு வீடு வந்து சேரு. சாத்தூர்ல ஒரு மாப்பிள்ள பாத்திருக்கேன்."

"நான் என்ன பண்ணினேன்?"

"பண்ணினது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிய வேண்டாம். என் கண்ணால பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வேலு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க நின்னு பாத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார்.

"மாடிப்படியில நின்னுதான? அப்ப நாங்க மாடிக்கு வரலைன்னு உங்களுக்குத் தெரியும். ஊர்ல அப்படிப் பேசும்போது இல்லைன்னு சொன்னீங்களா?"

"நான் ஆம்பள, போவேன் வருவேன். நீயும் நானும் ஒண்ணா?"

"அந்தக் கலரை அனுப்புனது யாரு?"

"கூட இருந்தவன். நான் இல்ல."

"அவங்க சிரிச்சப்போ நீங்களும் சிரிச்சீங்களா?"

செருப்புச் சத்தத்தோடு போய்விட்டார்.

சிரிச்சிருக்கான். எங்கூடப் பொறந்தவன். கீழ உக்காந்திருக்குதது தங்கச்சின்னு தெரிஞ்சும் இறங்கி வரல. "ஏம்லே சிரிக்க, அது என் தங்கச்சி"ன்னு ஒரு வார்த்த சொல்ல அவனுக்கு நாக்கு வரல. இவன் எனக்கு மாப்பிள்ள பாக்கானாம்.

11 ஜூலை, திங்கள்

கடம்பூரிலிருந்து சீனியின் அப்பா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சத்தம் போடவில்லை. "இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகணும்லா தாயி" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கும்பிடுகிறவரை என்ன செய்ய? அவள் டிரங்குப் பெட்டியை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். மில் வேலை போச்சு. ஒரு தப்பும் இல்லாமல் டைப் அடிக்கிறவள் அவள். ஒரு தப்பும் செய்யாதவள்.

24 ஜூலை, ஞாயிறு

வீடு பெரிதாகிவிட்டது. வேலு கேட்டாள், "இந்தச் சனிக்கெழமைய விட்டுருவமாட்டி?" இது பிடிவாதமா, பசியா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று புரோட்டாவுக்காக சீனியின் வேலையைத் தொலைத்துவிட்டோமா? இல்லை. நாங்கள் தொலைக்கவில்லை. அதை நான் மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

6 ஆகஸ்ட், சனி

வேலுவும் நானும் மட்டும். பஸ் ஸ்டாண்டில் பால் சர்பத். நின்றுகொண்டு.

15 ஆகஸ்ட், திங்கள்

மாதா கோயில் தேருக்கு ஊருக்கு வந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா, அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அதையே மூன்று சித்திகளும் மாறி மாறிச் சொன்னார்கள்.

மதினி மிக்கேலம்மாள் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. அவளைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான். ஒன்பது வருடமாகச் சாயங்காலம் சோற்றை வடித்து வைத்துக்கொண்டு, அண்ணன் எந்த நிலையில் வந்தாலும் காலுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன் என்று கேட்டதுண்டா?

தேர் நிலைக்கு வந்த பிறகு அடுப்படியில் இரண்டு பேரும் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தோம். குனிந்தபடியே கேட்டாள்: "அங்கன என்ன இருக்கு?"

"எங்க?"

"அந்த ஓட்டல்ல. ஃபேன் உண்டுமா? சாஞ்சு உக்கார நாக்காலி கெடக்குமா?"

"உண்டு மதினி."

"சாப்பாடு நல்லாருக்குமோ?"

"நல்லாத்தான் இருக்கும். எங்களுக்குத்தான் ருசி தெரியல."

"ஒங்கண்ணன் இங்கன வந்து என் கொழம்புல உப்பில்லம்பாவ" என்றாள். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வெங்காயத்தாலா என்று கேட்கவில்லை. எனக்குத்தான் அவள்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

3 செப்டம்பர், சனி

நாலு மணிக்கு மதினி வாசலில் நிற்கிறாள். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். பிள்ளைகளை அவள் அம்மா வீட்டில் விட்டாச்சாம். கல்யாணப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம்.

"அவிய தெனமும் போற எடத்த நான் ஒருக்கா பாக்கணும்" என்றாள்.

"மதினி, அது மாடி."

"படி இருக்குல்லா?"

வேலு புடவை மாற்றப் போனாள்.

ஆறு மணி இருக்கும். கோபாலசாமி கல்லாவிலிருந்து எழுவதற்குள் நாங்கள் படியில் ஏறிவிட்டோம். மதினிதான் முன்னால். மேலே ஒன்றுமே இல்லை. சிவப்புத் தாள் சுற்றிய டியூப் லைட், ஆறேழு மேசை, பீடிப் புகை, தட்டில் அவித்த முட்டை. இதற்காகவா இத்தனை காவல்?

ஜன்னலோரம் அண்ணன், கூட இரண்டு பேர். மதினியைப் பார்த்ததும் தம்ளரை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். அவள் போய் எதிரே கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சாய்ந்து பார்த்தாள். கூட இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? எந்திரி."

"பசிக்குது. எதாச்சும் வாங்கிக் குடுங்க."

"வீட்டுக்குப் போ. அங்க வந்து பேசிக்கிடுதேன்."

"வீட்டுல நீங்க பேசுத நெலமையில வாரதில்லல்லா. அதான் பேசுத நேரத்துல வந்தேன்."

முதலாளி மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். "தாயி, லேடீஸ் இங்கன வரக்கூடாது. கெட்ட பேராயிரும்."

மதினி அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னாள். "நான் இவிய வீட்டுக்காரி. குடும்பம் உக்காருத ரூமுல நீங்க பாட்டில வச்சீங்களாம். அதான் பாட்டில் இருக்குத எடத்துல குடும்பம் உக்காந்திருக்கோம். மூணு எல கொண்டாரச் சொல்லுங்க அண்ணாச்சி."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மேசையில் ஒருவர் பாட்டிலைத் துண்டால் மூடினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சர்வரிடம், "கொண்டாப்பா" என்றார். சாப்பிட்டோம். மதினி இரண்டு புரோட்டா சாப்பிட்டாள், சால்னாவை இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். அண்ணன் எதையும் தொடவில்லை.

எழுந்து கை கழுவிவிட்டு, "கொழம்புல உப்பு கூடத்தான் போடுதாங்க" என்றாள்.

ஏழரை பஸ்ஸுக்கு இருவரும் போனார்கள். அவர் முன்னால், அவள் பத்தடி பின்னால். பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

4 செப்டம்பர், ஞாயிறு

அடித்திருப்பாரோ? ஊரில் போஸ்ட் ஆபீசில் மட்டும்தான் போன். இன்று அடைப்பு. ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிறவளுக்கு இன்று ஒரு லைன் இல்லை.

5 செப்டம்பர், திங்கள்

ஒன்பது மணிக்கே போஸ்ட் ஆபீசைப் பிடித்து மதினியைக் கூட்டிவரச் சொன்னேன். இருபது நிமிடம். பக்கத்து சீட்டுக்காரி என் போர்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள், எதுவும் கேட்காமல்.

"அடிச்சாங்களா மதினி?"

"கைய ஓங்குனாவ. நான் நகரல, நின்னுக்கிட்டே இருந்தேன். எறக்கிட்டாவ." லைனில் காற்றுச் சத்தம். "அன்னைக்கு ராத்திரியில இருந்து பேசல. நானும் பேசல. சோறு மட்டும் தின்னாவ." பிறகு, "யாரும் கேக்கமாட்டாங்கல்லா இத?" என்றாள்.

"யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான்.

1 அக்டோபர், சனி

மதினி வந்தாள். பக்கத்து வீட்டுப் பெத்தம்மாளையும் கூட்டி வந்திருக்கிறாள். புரோட்டாக் கடையில் நான்கு பேருக்கு ஒரு பெஞ்சு முழுக்க. அண்ணன் மூன்லைட்டுக்குப் போவதில்லையாம். குடியை விட்டுவிடவில்லை, எட்டயபுரத்தில் குடிக்கிறாராம். அங்கே யாருக்கும் மதினியைத் தெரியாதே. எனக்கு வந்த ஆத்திரத்தில் புரோட்டாவைப் பிய்க்கக்கூட முடியவில்லை. மதினி என் இலையிலிருந்து எடுத்துப் பிய்த்துப் போட்டாள். "தெனமும் இல்ல, வாரத்துல ரெண்டு நாள்தான்" என்றாள். அது போதுமா? எனக்குப் போதாது. ஆனால் அவருடன் வாழ்கிறவள் அவள்.

சாத்தூர் மாப்பிள்ளைப் பேச்சை மதினி நிறுத்திவிட்டாளாம். எப்படி என்று சொல்லவில்லை.

7 நவம்பர், திங்கள்

சீனியிடமிருந்து கடிதம். தையில் கல்யாணம். அவள் சீட்டில் மில்லில் ஒரு பையனைப் போட்டாச்சாம். கடைசியில் ஒரு வரி: 'அன்னைக்கு நான் அழுதிருக்கக் கூடாது.' கடிதத்தை வேலு வாங்கி இரண்டு தரம் படித்தாள். அன்றைக்கு அவளை அழ வைத்தவர்களில் ஒருவன்கூட இதுவரை வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

30 நவம்பர், புதன்

மூன்று நாளாக மழை. மத்தியானம் வாட்ச்மேன் வந்து, உங்களைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்றார். கேட்டில் அண்ணன். குடையைப் பிடித்தபடி, செருப்பில் அப்பியிருந்த கரிசலைப் படிக்கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றார். ஜூலைக்குப் பிறகு என்னிடம் பேச வந்தது இன்றைக்குத்தான்.

"உங்க மதினி கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "வார சனிக்கெழம எந்தக் கடைன்னு."

சொன்னேன். தலையை ஆட்டினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"அவளுக்கு எண்ண சேராது. ராத்திரியெல்லாம் நெஞ்சக் கரிக்குங்கா. சால்னாவப் பாத்து ஊத்தச் சொல்லு."

"சரி" என்றேன்.

உள்ளே வந்தபோது போர்டில் நாலைந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.