வாசலில் கிடந்த முள்

ஜவ்வாது மலை
18-2-1979

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

சில நாட்களுக்கு முன் இங்கே ஒருவர் என்னை மிரட்டினார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. புளி பொறுக்கப் போகும் பிள்ளைகளை நான் பள்ளிக்கு அழைத்துவிடுகிறேன் என்று புளியந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்த லட்சுமணனுக்குக் கோபம்.

“டீச்சரே, பொட்டியக் கட்டிக்கினு கீழ எறங்கிடு. அப்பறம் இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது” என்றார்.

மறுநாள் பள்ளி வாசலில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். இந்த ஊரில் முள்ளைப் போட்டவர்தான் எடுக்கவேண்டும். அதுவரை யாரும் தாண்டமாட்டார்கள். பிள்ளைகள் வரவில்லை.

நானும் அதைத் தொடவில்லை. பள்ளிக்கு வெளியே இருக்கும் பலாமரத்தடியில் உட்கார்ந்து, “முருகா, நான் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்” என்று வேண்டினேன். லட்சுமணனைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. மெல்ல மனம் அடங்கியது. தினமும் அங்கேயே போய் உட்கார்ந்தேன்.

ஒரு காலை லட்சுமணனின் மனைவி மங்கம்மாள் தன் மகளைக் கூட்டிவந்து என் எதிரே உட்கார வைத்தாள்.

“நீ இதுக்குச் சொல்லிக் குடு டீச்சரம்மா. அந்த ஆளுக்கு வூட்ல நான் சொல்லிக் குடுக்கிறேன்.”

டார்ச்சுக்கு இரண்டு செல்லும், நீங்கள் படித்து முடித்த வார இதழ்களும் அனுப்புங்கள். ஓரங்களில் நீங்கள் எழுதிவைத்ததை அழிக்கவேண்டாம். பஸ் வந்துவிட்டது, கடிதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

நேற்று லட்சுமணனே வந்து வாசலில் கிடந்த முள்ளை எடுத்து அப்பால் எறிந்தார்.

உங்கள் மகள்
திலகவதி