யாழினியின் கடைவாய்ப்பல்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. மதியம் இரண்டு மணி ஷிப்ட்.

யாழினிக்கு இடது கீழ்க் கடைவாய்ப்பல் கறுத்துவிட்டது. பால்பல்தான். ஈறில் சின்னக் கொப்புளம். பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய மீகூன் நூடுல்ஸ் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை, இரண்டு வாரமாகக் கஞ்சி. நான் என்ன அம்மா.

செய்ய வேண்டியது: கிளினிக்குக்கு போன். சூப்பர்வைசரிடம் லீவு. சீருடைக்குப் பொத்தான்.

ஜூலை 7, திங்கள்

வியாழன் காலை வரச் சொன்னார்கள். காலையில் பசியாறும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். மகளை எதிரில் வைத்துக்கொண்டே எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தனக்குப் பல் பிடுங்கிய கதையை ஆரம்பித்துவிட்டார்.

"எங்க காலத்துல ஊசியாவது ஒன்னாவது. ரெண்டு பேரு காலப் புடிச்சிக்கிட்டாங்க. டிரஸ்ஸர் நெஞ்சு மேல முட்டிய வெச்சி ஒரே இழு! ரத்தம் பாரு, சட்டையெல்லாம்..."

சிரிப்பு வேறு. யாழினி கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நிறுத்துங்க போதும்."

"சும்மா ஜோக் லா."

இந்த மனுஷன் வாய்க்குப் பூட்டுப் போட்டால் தேவலை.

அவரை மட்டும் சொல்லி என்ன? மூன்று வயதிலிருந்து சோறு ஊட்டும்போதெல்லாம் நான் சொன்னது? "வாயத் தொறக்கலன்னா பல்லு மிஸ்ஸிகிட்ட கூட்டிட்டுப் போயி எல்லாப் பல்லையும் புடுங்கச் சொல்லிடுவேன்." உடனே வாய் திறக்கும். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். போலீஸ், ஊசி, கிளினிக்கில் பல் பிடுங்கும் நர்ஸ் மிஸ்ஸி. வாய் திறக்க வைக்க நான் கண்டுபிடித்த வழி இது.

எனக்கும் முப்பத்தாறு ஆகிறது. வலது பக்கம் மெல்ல முடியாமல் நாலு வருஷம். நான் போனேனா?

ஜூலை 9, புதன்

ஃபேக்டரி கேன்டீனில் லெட்சுமி அக்காவிடம் கேட்டேன், பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று.

"சொல்லாதடி. சொன்னா அழுது ஊரக் கூட்டும். ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்னு கூட்டிட்டுப் போ, அப்படியே உள்ள நுழைஞ்சிரு. எம்புள்ளைங்க மூணையும் அப்படித்தான் லா செஞ்சேன்."

சரியென்று பட்டது. பயந்தாங்கொள்ளிக்கு வசதியான யோசனை. வீட்டில் ஐஸ்கிரீம் என்றதும் யாழினி குதித்தாள். எந்தச் சட்டை போடட்டும் என்று மூன்று தடவை கேட்டாள். மஞ்சள் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில். எழுதக் கை வரவில்லை.

வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மருந்து வாடை. உள்ளே ஏதோ ஒரு பிள்ளை அலறல். "அம்மா, ஐஸ்கிரீம் இங்கயா விக்கிறாங்க?" ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

மிஸ்ஸி மலாய்க்காரப் பெண், சின்ன வயது. தங்கமானவள். பொம்மைக்குப் பல் தேய்த்துக் காட்டினாள். குட்டிக் கண்ணாடியை யாழினி கையிலேயே கொடுத்தாள். அவசரமே இல்லை. அரை மணி நேரம் கழித்து யாழினி வாயைத் திறந்தாள். மெய்யாகவே திறந்தாள். கண்ணாடி உள்ளே போனது.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவளுடைய இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தேன். "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, வலிக்காது." என் குரல் நடுங்கியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். மிஸ்ஸியின் விரலில் கடி. உதை. டிரே கீழே. பிடிக்க வேண்டாம் அக்கா என்று மிஸ்ஸி மலாயில் மெதுவாகச் சொன்னாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இனிப் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்களாம். கடிதம் கொடுத்தார்கள். முறை வர மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் வலி கூடினால், வீங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். விஷம் உடம்பில் ஏறிவிடுமாம். தினமும் கேளுங்கள், பிள்ளை சொன்னால்தான் தெரியும் என்றாள்.

வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கினேன். அவள் கையிலேயே உருகி மஞ்சள் சட்டையில் வழிந்தது. நாக்கை நீட்டவே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

இங்கே வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை. மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது.

"பாசாருக்குப் போறேன், வர்றியாடா?"

கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பாசாருக்கு. வெறும் பாசாருக்கு.

ஜூலை 13, ஞாயிறு

வலிக்குதா? இல்ல. காலையும் கேட்டேன், மாலையும் கேட்டேன். இல்ல, இல்ல. அவர் சொல்கிறார், "அதான் வலிக்கலங்குறாளே, விடேன்." விட எனக்கும் ஆசைதான்.

ஜூலை 14, திங்கள்

வானம் மப்பு. உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு போட்டுவிட்டேன்.

இடது கன்னம் உப்பியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது.

"வலிக்குதாடா?"

"இல்லம்மா."

"உண்மையச் சொல்லு. அம்மா எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கார்ச் சாவி என் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

போய் முறுக்கு டின்னைத் திறந்தாள். ஒன்றை எடுத்து இடது பக்கம், அந்தப் பல்லிலேயே வைத்து, என்னைப் பார்த்தபடியே கடித்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. மென்றாள். விழுங்கினாள்.

"பாத்தியா? வலிக்கல."

இன்னொரு முறுக்கை எடுத்தாள்.