ஒரே முகடு

பங்குனி 18, திங்கள்

காலையிலேயே அனல். கல்வராயன் பக்கம் மேகம் கூடி, மலைக்கே பெய்துவிட்டுப் போனது. நமக்கு வெறும் புழுக்கம்.

மலர் போன் செய்தாள். வளைகாப்பு முடிந்ததும் இங்கே வர ஆசைதானாம். "ஆனா அந்த வூட்ல மத்தியானம் படுக்கவே முடியாதும்மா. கரண்டும் நிக்காது. அத்தை இங்கியே இருந்துக்கன்றாங்க." தலைப்பிரசவம், மாமியார் வீட்டிலா? பெற்றவள் நான் எதற்கு இருக்கிறேன்?

செய்ய வேண்டியது: சோலார், பேட்டரியோடு. பழைய ஃபேனுக்குப் பதில் கரண்ட் கம்மியாக இழுக்கும் ஃபேன். குண்டு பல்பு எல்லாம் குப்பைக்கு. அடுக்களைக்குக் கண்ணாடி ஓடு, பகலில் விளக்கே வேண்டாம். கூரை ஓட்டுக்குச் சூடு இறங்காத வெள்ளைப் பூச்சு. உளுந்து தீர்ந்துவிட்டது, அதுவும்.

பங்குனி 20, புதன்

சின்னசேலத்திலிருந்து சோலார்காரர். ஏணி போட்டுக் கூரையில் ஏறினாரோ இல்லையோ, கொழுந்தனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. வீட்டின் அடுத்த பாதியிலிருந்து ஓடி வந்தான்.

"இன்னா அண்ணி பண்றீங்க? புள்ளத்தாச்சி வரப்போற வூட்ல கூரைய ஓட்டை போடுவாங்களா?"

"என் பக்கம்தான தம்பி போடறேன்."

"செவுரு நடுவுல இருந்தா இன்னா? முகடு ஒண்ணுதான? ஒரே வூடுதான்? மலருக்குப் போன தடவ கலைஞ்சிச்சே, அந்த மாதிரி ஆயிடப்போவுது. பாத்துக்குங்க."

பாவி. பாகம் பிரித்தபோது நடுச்சுவர் எழுப்பி, "இனிமே உங்க வூடு வேற, எங்க வூடு வேற" என்றவன் இவன்தான். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து என் பாதியையும் எழுதிக் கொடு என்று அரிக்கிறான். மகள் வந்து தங்கினால் வீடு கைக்கு வராதே. அந்த எரிச்சல்.

சாயங்காலம்: இந்தத் தோஷத்தில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சோலார்காரரை இறங்கச் சொல்லிவிட்டேன். கலைந்த பிள்ளையைச் சொன்னதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவன் அதைப் பார்த்துவிட்டான். பார்த்துச் சிரித்தான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பங்குனி 23, சனி

வழி கிடைத்தது. களத்தில் என் பங்கு இடத்தில் சோலாருக்கு இரும்பு ஸ்டாண்ட், அடியில் சிமெண்ட் கட்டை. குழிகூடத் தோண்ட வேண்டாம். ஒயர் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வரும். கூரையிலோ சுவரிலோ ஊசி முனை அளவுகூட ஓட்டை கிடையாது. இனி எந்த வாயால் பேசுவான்?

கண்ணாடி ஓடு மட்டும் பிரசவத்துக்குப் பிறகு. ஓட்டைக் கழற்றவே பயமாக இருக்கிறது. இருட்டிலேயே சமைத்துக்கொள்கிறேன்.

வெள்ளைப் பூச்சு ஆரம்பம். முகட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் கரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பங்குனி 28, வியாழன்

சோலார் பலகை ஸ்டாண்டில் ஏறிவிட்டது. வெயிலில் ஃபேன் ஓடுகிறது! அதன் கீழே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பொறுக்குமா அவனுக்கு? மக்காச்சோளம் அடிக்கும் மெஷினைச் சரியாகக் காற்று பலகை மேல் அடிக்கிற பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். அவ்வளவு பெரிய களத்தில் வேறு இடமே இல்லையாம். தூசி விரல் கனத்துக்குப் படிந்தது. கேட்டால், "எங்க களத்துல நாங்க அடிக்கிறோம். ஒங்களுக்கு இன்னா?" நாசமாய்ப் போக.

அவன் வெளியே போனதும் ஈரத்துணியோடு துடைத்தேன். அவன் மருமகள் புவனா தானாக ஒரு துணி எடுத்து வந்தாள். பாதியில் ஓரமாய் ஓடிப்போய் வாந்தி. முழுகாமல் இருக்கிறாளாம், இப்போதுதான் தெரிந்ததாம்.

"பெரியத்த, நான் இங்க வந்தேன்னு மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

அவனுக்குப் போய் இப்படி ஒரு மருமகள்.

சித்திரை 9, செவ்வாய்

மலர் வந்தாயிற்று. வளைகாப்பில் அழுதாள், நானும்தான். கை நிறைய வளையல், திரும்பினால் சத்தம்.

மத்தியானம் வெறும் பாயில் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். "ம்மா, இது நம்ம வூடுதானா?" இதைக் கேட்கத்தான் இவ்வளவு பாடு. பூஜை மாடத்தில் இருக்கிற அவர் படத்துக்குப் பூ வைத்தேன்.

முருங்கைக்கீரை கொழுந்தன் பக்கத்து மரத்தில்தான் இருக்கிறது. கேட்க மாட்டேன். சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

சித்திரை 12, வெள்ளி

டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. ஊரில் எங்கேயும் கரண்ட் இல்லை. வர நாளாகும் என்கிறார்கள். இலை அசையவில்லை.

புவனா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். "பெரியத்த, செத்த நேரம் படுத்துக்கட்டுமா?" கேட்க வேண்டுமா? மலர் நகர்ந்து இடம் விட்டாள். ஃபேனுக்குக் கீழே இரண்டு பேரும் நல்ல தூக்கம்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கொழுந்தன். பனியன் தொப்பலாக நனைந்து, கையில் விசிறி. முகத்தில் என்றைக்கும் இல்லாத குழைவு.

"அண்ணி, எங்க பக்கமும் ஒரு ஒயரு இழுத்துக்கட்டுமா? ஒரே ஒரு ஃபேனுக்குத்தான். நடுச்செவுத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டாப் போதும்."

பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"எப்படி தம்பி? ஒரே வூடு. ரெண்டு புள்ளத்தாச்சிங்க இருக்காங்களே."

ஜன்னலைச் சாத்தவில்லை. ஃபேன் ஓடுவது தெரியட்டும்.