மணலில் நடக்கும் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

மதியம் சாப்பிட்டதும் தலைவலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஈரத்துணியை முறுக்கி நெற்றியைச் சுற்றிக் கட்டின மாதிரி.

காது சோதனைக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். வெளிச்சத்தம் எட்டாத சின்ன அறைக்குள் அவர், தலையில் ஹெட்போன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷினோடு நான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் எதுவுமே அனுப்பாதபோது அழுத்தினார்.

"என்ன கேட்டுச்சுங்க ஐயா?"

"யாரோ மணல்ல நடக்குறாங்கம்மா. கிட்ட வர்றாங்க, நின்னுடுறாங்க."

சிரித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மார்ச் 6, வியாழன்

மாத்திரை போட்டும் அடங்கவில்லை. "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று வீட்டில் கேட்டார் இவர். "வெயில்" என்றேன்.

அப்பாவுக்கு மூளையில் கட்டி என்று தெரியும் முன் வெறும் தலைவலிதான். "உள்ள யாரோ நடக்குறாங்க" என்பார். இவருக்கும் அந்தக் கதை தெரியும். அதனால்தான் தலைவலி என்று சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு டீச்சர். அவரும் மணல் என்றார். நானாக அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை! கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

கூட வேலை பார்க்கிறவளிடம் கேட்டேன். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "அதே ரூமு, அதே மெஷினு. எங்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்லையே" என்றாள்.

என்னிடம் மட்டும் ஏன்? என் தலைக்குள் நடக்கிறது வெளியே கேட்கிறதா? என்ன எழுதுகிறேன் நான் — பைத்தியம்தான் பிடிச்சிருக்கு எனக்கு.

மார்ச் 12, புதன்

தனியாக உள்ளே போய் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

இவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் போனேன். கண்ணுக்குள் விளக்கடித்தார், நடக்கச் சொன்னார், கழுத்தையும் தாடையையும் அழுத்தினார். அழுத்திய இடமெல்லாம் உயிர் போனது. தசை இறுகுவதால் வரும் தலைவலியாம். கட்டிக்கான அறிகுறி எதுவும் இல்லையாம். அடிக்கடி மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம்.

"வாய மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடுமா?"

"தொடாம எங்க சார் போகும்?"

"தொடக்கூடாதும்மா."

பல்லைப் பற்றி எனக்கென்ன? அந்த நடைச் சத்தத்தை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கட்டி இல்லை என்றதிலும் நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

ரேடியோவிடம் அழுதே விட்டேன். "இரு, பேயா பிசாசான்னு நானே பாக்குறேன்" என்று உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாள். நான் மெஷினில். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பிறகு என் வாயையே உற்றுப் பார்த்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உள்ள பேசுற மைக்க மூடவே மாட்டியா நீ? அது உன் பல்லுடி! நறநறன்னு!"

மூடமாட்டேன்தான். அந்த அமைதியில் மிரளுகிறவர்களிடம் சட்டென்று பேச வேண்டுமே என்று திறந்தே வைப்பேன். அவர்கள் எப்போது அழுத்துவார்கள் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பேன். அப்போதெல்லாம் கடித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். நான் தனியாக உள்ளே போனபோது வெளியே கடிக்க ஆளில்லை.

சிரித்தேன், அழுதேன், தலை இன்னும் வலித்தது.

மார்ச் 28, வெள்ளி

மைக்கை மூடுகிறேன். கழுத்து வளையாதபடி நாற்காலியை உயர்த்தியாயிற்று. ஒவ்வொருவர் போனதும் எழுந்து தோளை இறக்கி, தாடையைத் தளர்த்துகிறேன். சாயங்காலம் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம். இந்த வாரம் ஒரு நாள்தான் வலித்தது, மாத்திரை இல்லாமலே போயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம். ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். இவர் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

மணல். கிட்ட வந்தது. நின்றது.

கை தானாக என் தாடைக்குப் போனது. தளர்ந்துதான் இருந்தது. பல்லோடு பல் படவில்லை. மறுபடியும் நடந்தது.

ஐயோ அப்பா, என்று திரும்பினேன்.

இவர் என் புடவையை மடிக்காமல் கையில் வைத்திருந்தார். அதன் மேலே, நான் ஒளித்துவைத்த மாத்திரை அட்டை. அவர் காது ஓரத்தில் தசை ஏறி ஏறி இறங்கியது.

"போன மாசமே பாத்துட்டேன்" என்றார். "உங்கப்பாவுக்கு வந்த மாதிரியா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

ஒரு மாதமாகவா! அவர் கன்னத்தில் கை வைத்தேன். கல்லாக இருந்தது.

"மொதல்ல பல்ல விடுங்க" என்றேன். பக்கத்தில் உட்காரவைத்து, பஸ் டிரைவரிலிருந்து ஆரம்பித்தேன்.